வாசகர் கேள்வி பதில்: அந்தோனியார்ர நாக்கும் படலையடிச் சத்தமும்

கேள்வி: அந்தோனியாருக்குச் செவ்வாய்க்கிழமை எண்டு ஏன் வச்சாங்க?
(வாசகர், அக்கரைப்பற்று)

பதில்: அவர் மோட்சம் போனது 1231 ஜூன் 13, அது வெள்ளிக்கிழமை. இத்தாலியில இரிக்கிற பதுவா நகரத்தில அவர அடக்கம் செஞ்சது அடுத்த செவ்வாய்க்கிழமை. அதுலதான் செவ்வாய் வந்தது.

கேள்வி: ஐயா, நாங்க பொம்பளைகள் குழுவாச் சேந்து லோன் எடுத்திரிக்கம், ஒராள் கட்டாட்டி மத்த ஆக்கள்தான் கட்டணும். போன மாசம் ஒரு தங்கச்சிக்கு ரெண்டு கிழமை கட்ட ஏலாமப் போச்சு. எல்லாருமாப் போய் அவட படலையடியில நிண்டு ஏசினம், நானும் நாக்கில நரம்பில்லாமக் கதைச்சிட்டன், அவட புள்ளைகள் பாத்துக்கொண்டு நிண்டதுகள். இப்ப அவ கோயிலுக்கும் வாறல்ல. அந்தோனியார்ர நாக்கு அழியாம இரிக்கு எண்டு பாதர் பிரசங்கத்தில சொன்ன நேரம் எனக்கு நெஞ்சு குத்திட்டு. அது உண்மையா? நான் என்ன செய்யலாம்?
(வாசகி, தன்னாமுனை)

பதில்: உண்மைதான் மகள். அவர் செத்து 32 வருசத்துக்குப் பிறகு, 1263ல, புதுக் கோயிலுக்கு மாத்துறதுக்காகக் கல்லறையத் திறந்தாங்க. உடம்பு மண்ணாப் போயிட்டு, நாக்கு மட்டும் அப்படியே இருந்ததாம். அண்டைக்கு அங்க நிண்ட, அந்தோனியார்ர சபைக்கு அப்ப தலைவரா இருந்த புனித பொனவெந்தூர் அத எடுத்து, நீ எப்பவும் ஆண்டவரப் புகழ்ந்த நாக்கு, மத்தாக்களையும் புகழ வச்ச நாக்கு எண்டு சொல்லி முத்தம் குடுத்தார். இப்பவும் பதுவாவில வச்சிரிக்காங்க, அதில சின்னத் துண்டு ஒண்டு எங்கட கொழும்பு கொச்சிக்கடைக் கோயிலிலயும் இரிக்கு.

ஆனா அந்த நாக்கு கன நாளா ஒண்டும் பேசாம இருந்த நாக்கு, அத நாம மறந்துபோறம். லிஸ்பன்ல பிறந்து நல்லாப் படிச்ச மனுசன், மொரோக்கோவுக்குப் போய் வேதசாட்சியாச் சாகணும் எண்டு போனார், அங்க வருத்தத்தில விழுந்து, திரும்பிற வழியில கப்பல் காத்தில அடிபட்டு சிசிலியில கரை ஒதுங்கி, கடைசியா மலைக்குள்ள ஒரு சின்ன மடத்தில போய் நிண்டார். சட்டி கழுவுறதும் கூட்டுறதும்தான் வேலை. அவர் படிச்சவர் எண்டு கூட இருந்த ஆக்களுக்கே தெரியா. 1222ல போர்லி எண்ட ஊரில குருப்பட்டம் குடுக்கிற அண்டைக்குப் பிரசங்கம் வைக்க ஒருத்தரும் ஆயத்தமில்ல, பெரியவர் இவரப் பாத்து நீ வாயில வாறதச் சொல்லு எண்டார். அங்கதான் எல்லாரும் திகைச்சுப்போனாங்க.

இப்ப உங்கட விசயத்துக்கு வாறன். அவர் சாகிற வருசம் தவசு காலம் முழுக்க பதுவாவில நாளாந்தம் பிரசங்கம். அந்த நேரம் அங்க வட்டிக்காரன்ட கொடுமை, கடன் கட்ட ஏலாதவன மறியலில போட்டாங்க. அந்தோனியார் வட்டிக்காரருக்கு நல்லா ஏச்சுக் குடுத்தார், மெதுவாத் தடவிக் கதைக்கல்ல. கடன்பட்டவன்ட பக்கம்தான் நிண்டார். அவர் கேட்டதுக்காக 1231 மார்ச்சில அந்த நகரம் ஒரு சட்டமே போட்டுது, இருக்கிற பொருள ஒப்படைச்சிட்டா அவன மறியலில போட ஏலாது எண்டு. அன்பான சொல் எண்டா எனக்கு இதுதான் முதல்ல ஞாபகம் வரும், சும்மா இனிக்க இனிக்கக் கதைக்கிறது இல்ல.

நீங்க கெட்ட மனுசி இல்ல மகள். ஒருத்திட காச இன்னொருத்திட தலையில கட்டுற முறை, சிநேகிதிகளையே ஒருத்திக்கு ஒருத்தி காவல்காரியாக்கிப் போடுது. எங்கட வீட்டுப் படலையிலயும் ஒரு காலத்தில இப்படி ஆக்கள் வந்து நிண்டவங்க, எங்கம்மா அதுக்குப் பிறகு மூணு மாசம் கடைப்பக்கமே போகல்ல. என்ன ஏசினாங்க எண்டு ஒரு வார்த்தையும் இப்ப எனக்கு ஞாபகமில்ல, அம்மா அடுப்படிக்குள்ள போய்க் கதவச் சாத்தினது மட்டும் அப்படியே கண்ணுக்குள்ள நிக்குது.

அதனால வாற செவ்வாய் மெழுகுதிரியோட கோயிலுக்குப் போக முதல் அவட வீட்டுக்குப் போங்க. உள்ள போய்க் குசுகுசு எண்டு மன்னிப்புக் கேக்காதீங்க. ஏசினது படலையடியில, அயலெல்லாம் கேட்டது, புள்ளைகள் கேட்டதுகள். அதே படலையடியில நிண்டு, அண்டைக்குக் கதைச்ச அதே சத்தத்தில, தங்கச்சி நான் சொன்னது பிழை எண்டு சொல்லுங்க. புள்ளைகள் வீட்டில நிக்கிற நேரமாப் பாத்துப் போங்க.