என்ன ஆராய வேண்டும்? நீங்களே சொல்லுங்கள்

திருநர் மருத்துவத்தில் எதை முதலில் ஆராய்வது என்று சமூகத்தோடு சேர்ந்து முடிவு செய்வது பற்றி வந்த கேள்விகளில் சில.

ஈசூன் வாசகி: நான் திருநங்கை. ஆய்வுக்கான கேள்விகளைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்துக்கு வரும்படி மருத்துவர் அழைக்கிறார். உயர்நிலை நான்கோடு படிப்பை நிறுத்தியவள் நான். அங்கே என்ன பேசுவேன்?

உங்களிடம் யாரும் விடை எதிர்பார்க்கவில்லை அம்மா. மருத்துவரிடம் கேட்டும் நேரான பதில் கிடைக்காத கேள்விகளைக் கொண்டு போங்கள், போதும். பிரிட்டனில் 2004இல் தொடங்கிய ஜேம்ஸ் லிண்ட் அலையன்ஸ் என்ற அமைப்பு வகுத்த முறை இது. சிகிச்சை பெறுவோர், பராமரிப்போர், மருத்துவர், தாதியர் எல்லாரிடமும் கேள்வித்தாள் வழியே கேள்விகளைத் திரட்டுவார்கள். ஏற்கெனவே விடை உள்ளவற்றை நீக்கிவிட்டு, மிஞ்சியதை எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசிப் பெரும்பாலும் பத்தாகச் சுருக்குவார்கள். ஆய்வாளரை மட்டும் விட்டால் என்ன ஆகும்? முழங்கால் தேய்மானத்தில் நோயாளிகள் வேறு வழிகளையும் கேட்டபோது, ஆய்வுகள் மருந்தையும் அறுவையையுமே சுற்றி வந்ததை 2000இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்டது.

நம்மூருக்கென்று எனக்கே ஒரு கேள்வி உண்டு. 1971இல் இங்கே சிங்கப்பூரில் முதல் பாலின மாற்று அறுவை சிகிச்சை, இலங்கைத் தமிழரான பேராசிரியர் எஸ். எஸ். ரத்னம் தலைமையில் நடந்தது. அக்காலத்தில் இளம் வயதில் இருந்தவர்கள் இன்று முதியவர்கள். எழுபது வயதில் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைத் தொடரலாமா, எவ்வளவு? மாத்திரையில் இரத்தம் உறையும் அபாயம் தோலில் ஒட்டும் பட்டையைவிடக் கூடுதல். விரை நீக்கியவர் ஹார்மோனை அடியோடு நிறுத்தினாலோ எலும்பு வலுவிழக்கும். இவ்விரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது என்று சொல்லும் நெடுங்கால ஆய்வுகள் சொற்பம். முப்பது வயது ஆய்வாளருக்கு இது தானாகத் தோன்றாது. தமிழில்தான் பேச வருமென்றால் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேளுங்கள். அதைச் சலுகையாக நினைக்காதீர்கள்.

தெம்பனிஸ் வாசகர்: நான் திருநம்பி என்பது அலுவலகத்தில் தெரியாது. இதில் சேர்ந்தால் பெயர் வெளியே வருமா?

இத்தகைய கேள்வித்தாள்களுக்குப் பெரும்பாலும் பெயரே தேவைப்படாது. என் கவலை வேறு. தமிழர், நாற்பதைக் கடந்தவர், தெம்பனிஸ்வாசி, திருநம்பி: இத்தனையும் ஒரே தாளில் சேர்ந்தால் இந்தச் சின்னத் தீவில் பெயர் எதற்கு? வட்டாரத்தைக் கேட்டால் காலியாக விடுங்கள். விவரங்களை எதற்குத் திரட்டுகிறார்கள், யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்பார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். இறுதிக் கூட்டத்தில் முகம் தெரியும் என்பதால் அதற்குப் போவதைத் தனியாக யோசித்து முடிவெடுங்கள்.

உட்லண்ட்ஸ் தாயார்: மகன் திருநம்பி, வயது 26. நானும் கலந்துகொள்ளலாமா?

தாராளமாக. ஆனால் உங்கள் கேள்வியை மட்டும் கேளுங்கள். அவருடையதை அவரே கேட்டுக்கொள்வார்.

பெயர் வேண்டாம் என்ற வாசகி: இதில் சேர்ந்தால் சிகிச்சைக்குக் காத்திருக்கும் காலம் குறையுமா?

குறையாது. ஆய்வுக் கேள்விகளின் பட்டியல் முடிந்த பிறகுதான் நிதி, நெறிமுறைக் குழுவின் அனுமதி, ஆய்வு எல்லாம், வருடங்கள் பிடிக்கும். குறையும் என்று யாராவது ஆசை காட்டினால் அவர் தரும் படிவத்தில் கையெழுத்திட வேண்டாம்.