ஐஸ் மூழ்கினா மீனுக்கு என்ன நஷ்டம்?

வணக்கம் சார்,
போன வாரம் தண்ணியப் பத்தி எழுதியிருந்தீங்க. ஐஸ் மிதக்கறதுக்கு எதுக்கு இவ்ளோ பில்டப்? மிதக்கலன்னா மூழ்கிட்டுப் போகட்டும், மீனுக்கு என்ன நஷ்டம்? இன்னொண்ணு, தண்ணியோட குணமெல்லாம் பாத்தா உயிர்களுக்குன்னே அளவெடுத்து தைச்ச மாதிரி இருக்கே, அது எப்படி?
- ஒரு வாசகர்

வணக்கம் நண்பரே,

பில்டப் கொஞ்சம் ஓவர்தான், ஒத்துக்கறேன். ஆனா மீனுக்கு நஷ்டம் உண்டு. பெரும்பாலான திரவங்கள் உறைஞ்சா சுருங்கி அடியில போய் உக்காந்துடும், தண்ணி என்னடான்னா உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியுது. நல்ல தண்ணி உறையறதுக்கு முன்னாடி 4 டிகிரியிலயே இருக்கறதுலயே கனமான நிலைக்கு வந்துடும். அதனால குளிர்காலத்துல ஏரியோட மேல்தண்ணி குளிர்ந்து குளிர்ந்து கீழ எறங்கிட்டே இருக்கும், மொத்த ஏரியும் 4 டிகிரிக்கு வந்ததும் அந்த எறக்கம் நின்னுடும், அப்பறம் இன்னும் குளிர்ற தண்ணி லேசாகி மேலயே தங்கி அங்கயே உறைஞ்சு ஏரிக்கு மூடி போட்டுடும். மூடிக்குக் கீழ மீன் பாட்டுக்கு கெடக்கும். ஐஸ் மூழ்கற சாதியா இருந்தா ஏரி அடியிலேருந்து கெட்டியாயிட்டே வரும், கோடையில வெயில் சூடு அவ்ளோ ஆழத்துக்குப் போய் அத உருக்கறதும் கஷ்டம்.

ஒரு விஷயம், இந்த 4 டிகிரி கதை கடல்ல செல்லாது (நானே ரொம்ப நாள் ரெண்டையும் போட்டு குழப்பிட்டு இருந்தேன்). உப்பு இருக்கறதால கடல்தண்ணி உறையற வரைக்கும், அதாவது சுமார் மைனஸ் 1.9 டிகிரி வரைக்கும், கனமாயிட்டேதான் போகும். அண்டார்டிக் கடல் மீன்கள் பலதும் அந்தக் குளிர்ல உறையாம இருக்க ரத்தத்துல ஐஸ் படிகத்த வளர விடாத புரதத்த வெச்சிருக்கு. தண்ணி அளவெடுத்து தைச்ச சட்டைன்னா மீனுக்கு எதுக்கு இந்த வேலை? அளவு மாத்திக்கிட்டது உயிர்தான், தண்ணி இல்ல.

எல்லாத்துக்கும் மூல காரணம் தண்ணி மூலக்கூறுங்க ஒண்ணோட ஒண்ணு ஹைட்ரஜன் பிணைப்பால ஒட்டிக்கறதுதான். ஹைட்ரஜன் சல்ஃபைடு தண்ணிய விட கனமான மூலக்கூறு, ஆனா அதுல இந்த ஒட்டல் ரொம்பக் கம்மிங்கறதால மைனஸ் 60 டிகிரியிலயே கொதிச்சு வாயுவாயிடுது, தண்ணிக்கு 100 டிகிரி வேணும். வியர்வை நம்ம சூட்ட அவ்ளோ எடுத்துட்டுப் போறதும் இந்த ஒட்டல பிச்சுக்கிட்டு ஆவியாக வேண்டியிருக்கறதாலதான்.

எனக்கு ரொம்பப் புடிச்சது மரம். ஒரு குழாயோட மேல் பக்கம் வெற்றிடமே இருந்தாலும் காத்தழுத்தத்தால தண்ணிய சுமார் 10 மீட்டருக்கு மேல தள்ள முடியாது, ஆனா 115 மீட்டர் தாண்டின ரெட்வுட் மரம் கலிஃபோர்னியாவுல நிக்குது, பம்பும் கெடையாது ஒண்ணும் கெடையாது. இலையில தண்ணி ஆவியாகும்போது பின்னாடி இருக்கற தண்ணிய இழுக்குது, அது அதுக்குப் பின்னாடி இருக்கறத, இப்படியே வேர் வரைக்கும் ஒரே கயிறு மாதிரி. டிக்சன், ஜோலின்னு ரெண்டு விஞ்ஞானிங்க 1894ல இத சொன்னப்ப தண்ணியாவது கயிறாவதுன்னு நெறைய பேர் நம்பல.

கயிறுன்னா அறுந்தும் போகும். வறட்சியில இழுவை அதிகமாயி மரத்துக்குள்ள தண்ணி ஏறற குழாய்ல ஒரு காத்துக்குமிழ் வந்துட்டா அந்தக் குழாய் அவ்ளோதான், தண்ணி ஏறாது. அது பக்கத்துக் குழாய்க்கும் பரவிடக் கூடாதுன்னு மரம் நடுவுல சல்லடை மாதிரி சின்ன சின்ன சவ்வு வெச்சிருக்கு, தண்ணி போகும், குமிழ் லேசுல போகாது.