நோபலைக் கொரிய அரசு வாங்கித் தந்ததா?

வணக்கம் சார்,

2024-ல் இலக்கிய நோபல் பெற்ற தென்கொரிய எழுத்தாளர் ஹான் காங் பற்றி நண்பர்களோடு பேசிக்கொண்டிருந்தபோது ஒருவர், "அது கொரிய அரசு காசைக் கொட்டி வாங்கிய நோபல்" என்றார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. தன் நாட்டு இலக்கியத்தை வெளிநாட்டில் பரப்ப ஓர் அரசு செலவு செய்யலாமா? கடைசியில் அது அரசு விளம்பரமாகத்தானே ஆகிவிடும்?

எம்., திருப்பூர்

அன்புள்ள எம்.,

காசு செலவானது உண்மைதான். ஆனால் எதற்குச் செலவானது என்று பார்த்தால் உங்கள் நண்பர் ஏமாந்துபோவார்.

கொரிய இலக்கியத்தை மொழிபெயர்ப்பதற்கென்று 1996-ல் ஒரு நிதியம் தொடங்கினார்கள். 2001-ல் அது கொரிய இலக்கிய மொழிபெயர்ப்பு நிறுவனமாக ஆனது. கலாச்சார அமைச்சகத்தின் கீழ் வருவது. அதன் வேலையில் பகட்டு எதுவும் கிடையாது. மொழிபெயர்ப்பாளருக்குக் கூலி தருவார்கள், வெளிநாட்டுப் பதிப்பகத்துக்கு அச்சுச் செலவில் உதவுவார்கள். 2008 முதல் ஒரு பயிற்சிப் பள்ளியும் நடத்துகிறார்கள். வெளிநாட்டு இளைஞர்களைச் சியோலுக்கு வரவழைத்து, உதவித்தொகை தந்து, கொரிய மொழியிலிருந்து மொழிபெயர்க்கப் பழக்குகிறார்கள். ஹான் காங்கின் புத்தகங்களுக்கு மட்டும் 28 மொழிகளில், 76 பதிப்புகளுக்கு இந்த நிறுவனத்தின் உதவி போயிருக்கிறது. அரசு மட்டுமல்ல, 1992-ல் தொடங்கிய தேசான் என்ற தனியார் அறக்கட்டளையும் இதே வேலையைச் செய்துவருகிறது.

இதில் பரிசை விலைக்கு வாங்குவது எங்கே இருக்கிறது? இலக்கிய நோபலுக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும் ஸ்வீடிஷ் அகாதமிக்காரர்களுக்குக் கொரிய மொழி தெரிந்திருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்க முடியாது. அவர்கள் படிக்கிற மொழியில் புத்தகம் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். படித்தபின் பிடிக்குமா என்பது எந்த அமைச்சகத்தின் கையிலும் இல்லை. (சியோல் பத்திரிகைக்காரர்கள் பல வருடங்கள், அக்டோபர் வந்தால் ஒரு மூத்த கவிஞரின் வீட்டு வாசலில் போய்க் காத்துக்கிடந்தார்கள். அவருக்குக் கிடைக்கவே இல்லை.) நமக்கும் ஹான் காங் ஆங்கிலம் வழியாகத்தான் தமிழில் வந்தார். 2016-ல் மேன் புக்கர் சர்வதேசப் பரிசை அவரும் மொழிபெயர்ப்பாளர் டெபோரா ஸ்மித்தும் பங்கிட்டுக்கொள்ளாமல் இருந்திருந்தால் அதுவும் வந்திருக்குமா என்பது சந்தேகம்.

உங்கள் இரண்டாவது கேள்வி இன்னும் முக்கியமானது. அதற்கும் கொரியாவிலேயே பதில் இருக்கிறது, கொஞ்சம் கசப்பான பதில்.

1980 மே மாதம் குவாங்ஜு நகரில் மக்கள் எழுச்சியை ராணுவம் சுட்டு நசுக்கியது. அதைத் தூண்டிவிட்டதாகக் குற்றம் சாட்டி மரண தண்டனை விதிக்கப்பட்டவர் கிம் டே ஜுங். அவர் உயிர் பிழைத்து, 1998-ல் அதே நாட்டின் ஜனாதிபதி ஆனார். கலைக்கு உதவுவோம், ஆனால் தலையிட மாட்டோம் என்பதைத் தன் கொள்கையாக வைத்துக்கொண்டார். மொழிபெயர்ப்பு நிறுவனம் இன்றைய வடிவத்துக்கு வந்தது அவர் காலத்தில்தான்.

குவாங்ஜுவில் பிறந்த ஹான் காங், அந்தப் படுகொலையைப் பற்றி 2014-ல் ஒரு நாவல் எழுதினார். அப்போது ஜனாதிபதி பார்க் குன் ஹே, பழைய ராணுவ ஆட்சியாளர் பார்க் சுங் ஹீயின் மகள். அவருடைய ஆட்சியில் அரசுக்குப் பிடிக்காத கலைஞர்களின் ரகசியப் பட்டியல் ஒன்று இருந்தது. வெளிவந்த ஒரு பிரதியில் மட்டும் 9,473 பெயர்கள். ஹான் காங்கின் பெயரும் அந்தக் கறுப்புப் பட்டியலில் இருந்ததாகச் செய்திகள் வந்தன. சில எழுத்தாளர்களை வெளிநாட்டு நிகழ்ச்சிகளுக்கு அனுப்ப வேண்டாம் என்று மொழிபெயர்ப்பு நிறுவனத்துக்கே அமைச்சகத்திலிருந்து நெருக்கடி வந்ததும் பின்னால் தெரிந்தது. ஒரு பக்கம் மொழிபெயர்ப்புக்குக் காசு, இன்னொரு பக்கம் பெயரை அடிக்கிற பேனா. இரண்டும் ஒரே அரசுதான்!

ஆகவே உங்கள் பயம் நியாயமானது. ஆனால் அதோடு கதை முடியவில்லை. 2017 ஜனவரியில் இந்தப் பட்டியல் விவகாரத்தில் பதவியில் இருந்த கலாச்சார அமைச்சரே கைதானார். அடுத்த இரண்டு மாதத்தில் ஜனாதிபதியின் பதவியும் போனது. புத்தகங்கள் தொடர்ந்து மொழிபெயர்க்கப்பட்டன, குவாங்ஜு நாவல் உட்பட. அரசின் மானத்தை வாங்கும் புத்தகத்துக்கும் அரசுப் பணம் போகிறதா என்பதுதான் நான் பார்க்கும் அளவுகோல். கொரியா அதில் ஒருமுறை தோற்றது. பிறகு நீதிமன்றமும் தெருவில் இறங்கிய மக்களும் சேர்ந்து அதைச் சரிசெய்தார்கள்.

நடனக் குழுவை அனுப்புவது, தூதரகத்தில் விழா எடுப்பது எல்லாம் எளிது. போட்டோவும் கிடைக்கும். மொழிபெயர்ப்புக்குச் செலவழித்தால் போட்டோ கிடைக்காது, பலன் தெரிய இருபது வருடம் ஆகும். அதற்குள் நான்கு ஆட்சி மாறிவிடும். தமிழ்நாடு அரசும் 2023 முதல் சென்னையில் பன்னாட்டுப் புத்தகக் காட்சி நடத்தி, மொழிபெயர்ப்புக்கு நிதி தருகிறது. நல்ல ஆரம்பம். அதில் நான் கேட்பது இரண்டு: ஆட்சி மாறினாலும் இது நடக்குமா? இங்கே வந்து தங்கித் தமிழ் படிக்க, வெளிநாட்டு இளைஞர்கள் பத்துப் பேருக்காவது வழி செய்வார்களா?