வீட்டில் பதிவு செய்த கிற்றார் இசையைச் சக இசைக்கலைஞர்களுடன் எப்படிப் பகிர்வது?

எலக்ட்ரிக் கிற்றாரில் பாடலில்லாத ஓர் இசைத்துண்டை வீட்டு அறையிலேயே பதிவு செய்திருப்பதாகவும், தெரிந்த இசைக்கலைஞர்களுக்கு அனுப்பினால் "சூப்பர்" என்ற ஒரு சொல்லைத் தவிர வேறெதுவும் திரும்பி வருவதில்லை என்றும், பயன்படக்கூடிய கருத்தை அவர்களிடமிருந்து பெறுவது எப்படி என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதே நிலை எனக்கும் வந்தது. என் அனுபவத்தில், கேட்கிறவர்களை விடக் கேட்கக் கொடுத்த முறையிலேதான் பிழை இருந்தது.

நான் திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் வசிக்கிறேன். பகலில் வேறு தொழில், இரவில்தான் கிற்றார். மாரி மழை விடாமல் பெய்த இரண்டு வாரங்களில், பூபாள இராகத்தின் ஐந்து சுரங்களை மட்டும் வைத்து நான்கு நிமிட இசைத்துண்டொன்றை உருவாக்கினேன். (பூபாளம் விடியற்காலத்து இராகம், அதை நள்ளிரவில் வாசித்தது என் வசதிக்காக மட்டுமே.) கிற்றாரில் 'ஈ' என்ற சுரத்தை ஷட்ஜமாக, அதாவது அடிப்படைச் சுரமாகக் கொண்டால் இந்த இராகம் ஈ, எஃப், ஜீ, பீ, சீ என்று அமையும். திறந்த கம்பிகளில் ஈ, ஜீ, பீ ஆகியவை இதற்குள் அடங்கிவிடுகின்றன. ஏ, டீ என்ற இரண்டும் அடங்குவதில்லை. ஆகையால் அந்த இரு கம்பிகளும் தாமாக அதிர்ந்து இராகத்தைக் கெடுத்துவிடாதபடி உள்ளங்கையால் அவற்றை அமர்த்திக்கொண்டே வாசிக்க வேண்டியிருந்தது.

முடித்த அன்றே, ஏறத்தாழ முப்பது கலைஞர்கள் இருந்த ஒரு வட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டேன். "சும்மா வீட்டில் செய்தது, குறைகள் இருக்கும், எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்" என்றும் எழுதினேன். கட்டைவிரல்களும் தீச்சுவாலைகளும் வந்தன. ஒருவர் பிறந்தநாள் வாழ்த்துக்கூட அனுப்பினார், அது வேறொருவருக்குப் போக வேண்டியது. இன்று நினைத்துப் பார்த்தால், அவர்கள் பேசாமலிருந்ததற்கு நானே காரணம். குறை இருக்கும் என்று நானே முந்திச் சொல்லிவிட்ட பிறகு அதைச் சுட்டிக்காட்டுவது யாருக்கும் அநாவசியமாகவே தோன்றும். மேலும், ஒரே கலியாண வீடுகளிலும் ஒரே கோவில் திருவிழாக்களிலும் திரும்பத் திரும்பச் சந்திக்கிற சிறிய ஊரில், முப்பது பேர் பார்க்கும் இடத்தில் ஒருவரின் வாசிப்பைக் குறை சொல்ல எவரும் முன்வர மாட்டார்கள்.

பதிவிலேயே வேறொரு கோளாறும் இருந்தது. ஒரே கிற்றார் அகலமாக ஒலிக்க வேண்டும் என்பதற்காக, அதன் பதிவை நகலெடுத்து 10 மில்லிசெக்கன் பிந்த வைத்து, மூலத்தை இடப்பக்கமும் நகலை வலப்பக்கமும் ஒதுக்கியிருந்தேன். ஹெட்போனில் அது அற்புதமாகக் கேட்டது. ஒற்றை ஒலிபெருக்கி உள்ள கைபேசியில் இரண்டு பக்கமும் ஒன்றாகக் கலக்கும்போதோ 50, 150, 250 ஹேர்ட்ஸ் என்று வரிசையாகச் சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. என் கிற்றார் தகரப் பெட்டிக்குள் இருந்து வருவது போல ஒலித்தது. குழுவில் பெரும்பாலானவர்கள் கைபேசியில்தான் கேட்டிருப்பார்கள். அகலம் வேண்டுமானால் அதே பகுதியை உண்மையாகவே இரண்டு தடவை வாசித்துப் பதிவு செய்யுங்கள்; இரு வாசிப்புகளுக்கும் இடையிலுள்ள சிறு வேறுபாடு எந்த நகலுக்கும் வாராது. அனுப்புவதற்கு முன் ஒருமுறையாவது இரு பக்கங்களையும் ஒன்றாக்கி மோனோவில் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாம் முறை மூவரை மட்டும் தேர்ந்தெடுத்தேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, மன்னிப்பு எதுவும் கேளாமல், அவரவருக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பற்றி ஒரேயொரு கேள்வியோடு அனுப்பினேன். வட்ஸ்அப்பில் அனுப்புவதானால் குரற்பதிவாக அனுப்பாதீர்கள், அது பேச்சுக்காக நெருக்கப்படுவது. கோப்பை 'டொக்யுமென்ட்' ஆக இணைத்தால் உள்ளபடியே போய்ச் சேரும். 24 பிட், 44.1 கிலோஹேர்ட்ஸ் ஸ்டீரியோ வேவ் கோப்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 16 மெகாபைட் பிடிக்கும் என்பதால், டேட்டாவை எண்ணிச் செலவழிப்பவர்களுக்கு 320 கிலோபிட் எம்பி3 போதுமானது.

முதலாமவர், கோவில்களில் வாசிக்கும் மூத்த நாதஸ்வர வித்துவான். அவரிடம், "ஐயா, இதில் பூபாளம் எந்த இடத்தில் பூபாளமாக இல்லை?" என்று மட்டும் கேட்டேன். மறுநாள் அவரே அழைத்தார். "தம்பி, கை நல்லாய் ஓடுது. ஆனால் உங்கட ரிஷபம் கொஞ்சம் ஏறி நிக்குது. எங்கட ரிஷபம் சட்சத்தோட ஒட்டிக்கொண்டெல்லோ நிக்கும்" என்றார். கிற்றாரின் பிரெட்டுகள் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகள்) சமப்பகுப்பில், அதாவது ஷட்ஜத்திலிருந்து மேல் ஷட்ஜம் வரை பன்னிரண்டு சம அரைச்சுரங்களாகப் பிரித்து அடிக்கப்பட்டவை. சென்ட் என்பது சுர இடைவெளியை அளக்கும் அலகு; ஒவ்வோர் அரைச்சுரமும் சரியாக 100 சென்ட். இங்கே எஃப் ஆக வரும் சுத்த ரிஷபத்துக்குச் சொல்லப்படும் விகிதங்களுள் ஒன்றான 256/243 என்பது ஏறத்தாழ 90 சென்ட்தான். பத்து சென்ட் என்பது காகிதத்தில் அற்பமாகத் தெரியும், ஆனால் நீண்டு நிற்கும் சுருதிக்கு மேலே அது நன்றாகவே தெரிகிறது. பிரெட்டில் பிடித்த சுரத்தைக் கம்பியை இழுத்து உயர்த்தலாமே தவிரத் தாழ்த்த முடியாது. எனவே எஃப் இருக்கும் பிரெட்டைக் கைவிட்டு, மூன்றாம் கம்பியின் ஒன்பதாம் பிரெட்டில் ஈயைப் பிடித்து, அங்கிருந்து இழுத்து எஃபை எட்டுவதற்குச் சற்று முன்பே நிறுத்தப் பழகினேன். காது அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ள எனக்கு மூன்று வாரங்கள் எடுத்தன. "எப்படி இருக்கிறது" என்று கேட்டிருந்தால் அவர் "நல்லம் தம்பி" என்று சொல்லிவிட்டுப் பூசைக்குப் போயிருப்பார்.

இரண்டாமவர் பைலா இசைக்குழுவொன்றில் பேஸ் கிற்றார் வாசிக்கும் நண்பர். நான் எந்த இடத்தில் தாளத்தை விடுகிறேன் என்று அவரிடம் கேட்டேன். "மச்சான், விடேல்லை, முழுக்க முந்திக்கொண்டே போறாய்" என்று பதில் வந்தது. தேடிப் பார்த்ததில், கணினி ஒலியைச் சிறிது சிறிதாகச் சேர்த்துவைத்துக் கையாளும் இடமாகிய பஃபர் 1024 மாதிரிகளில் இருந்தது; அதாவது என் ஒலி உள்ளே நுழையும் வழியில் மட்டுமே ஏறத்தாழ 23 மில்லிசெக்கன் தாமதம். என் வாசிப்பு எனக்குப் பிந்திக் கேட்டதால், அதை ஈடுசெய்ய என்னையறியாமலே முந்தியிருக்கிறேன். 128 மாதிரிகளுக்குக் குறைத்ததும் அந்தத் தாமதம் 3 மில்லிசெக்கனுக்குள் வந்தது. முந்துவதும் பெருமளவு நின்றது. மீதமிருந்த முந்தல் என்னுடையதே.

மூன்றாமவர் விழாக்களுக்கு ஒலியமைப்புச் செய்பவர். டிலே, ரிவேர்ப் எதுவும் சேராத வெறும் ட்ராக்கையும் சேர்த்து அனுப்பும்படி அவர்தான் கேட்டார். எதிரொலிக்கு அடியில் நான் மறைத்திருந்த இரைச்சல் அதில் அப்பட்டமாகக் கேட்டது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். கம்பியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பிக்கப் ஒற்றைச்சுருள் வகையானால் அதில் அது 50இலும் 100இலும் அதற்கு மேலும் உறுமும். ஆறாம் கம்பியில் நான் அடிக்கடி வந்து இறங்கும் காந்தாரமாகிய ஜீ 98 ஹேர்ட்ஸ் என்பதால், 100இல் உள்ள உறுமலும் அந்தக் காந்தாரமும் சேர்ந்து செக்கனுக்கு இரண்டு முறை அலைபோல் ஏறி இறங்கின. நானோ அதை என் விரலதிர்வு என்று எண்ணி மகிழ்ந்திருந்தேன். வடிகட்டி போட்டு உறுமலை வெட்டினால் காந்தாரமும் கூடவே போய்விடும். ஆகவே மூலத்திலேயே குறைக்க வேண்டியதாயிற்று: மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றி பற்றரியில் ஓட விட்டேன், மின்விசிறியின் ரெகுலேற்றரை நிறுத்தினேன், நாற்காலியை மெல்லத் திருப்பி உறுமல் மிகக் குறைவாக உள்ள திசையைக் கண்டுபிடித்து அங்கேயே உட்கார்ந்தேன். வியர்த்துக் கொட்டியது, ஆனாலும் பதிவு துப்புரவாக வந்தது. இரட்டைச்சுருள் பிக்கப் உள்ள கிற்றார் உங்களிடம் இருந்தால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி இல்லை.

பதிவு மட்டம் உச்சத்தில் −12 டெசிபெல்லைத் தாண்டாமல் இருந்தால் போதும். வேறு இசையோடு ஒப்பிட்டுக் கேட்கச் சொல்வதானால் இரண்டையும் ஒரே உரப்புக்குக் கொண்டுவந்த பிறகு அனுப்புங்கள், ஏனென்றால் உரத்து ஒலிப்பதே நல்லது என்று காது ஏமாறிவிடும்.

வந்த கருத்துகள் எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. ஒலியமைப்பாளர் தொடக்கத்திலுள்ள முப்பது செக்கன் ஆலாபனையை வெட்டச் சொன்னார். அவர் திருவிழாக் கூட்டத்தைக் கேட்டுப் பழகிய காதால் சொன்னார் என்று கருதி விட்டுவிட்டேன்.

திருத்திய பதிவை நாதஸ்வர ஐயாவுக்கு மீண்டும் அனுப்பியபோது, ரிஷபத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. "இது எத்தினை கட்டை?" என்று மட்டும் கேட்டார். ஷட்ஜம் எந்தச் சுரத்தில் நிற்கிறது என்பதைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள்; ஈ என்றால் மூன்று கட்டை. மூன்று என்றேன். தம்முடையது இரண்டு கட்டை என்றும், அதற்கு இறக்கித் தந்தால் நடுவில் தாமும் கொஞ்சம் வாசித்துப் பார்க்கலாம் என்றும் சொன்னார். ஆறு கம்பிகளையும் ஒரு முழுச்சுரம் இறக்கினால் என் மெல்லிய கம்பிகள் தொய்ந்து பிரெட்டில் உரசுகின்றன. ஆதலால் தடித்த கம்பிகள் கொழும்பிலிருந்து வரும்வரை காத்திருக்கிறேன்.