மணிக்கணக்கைக் குறைத்து எழுதலாமா?

கேள்வி: பத்தாம் வகுப்பு வரை மதுரையில் படித்துவிட்டுப் பெற்றோருடன் நியூ ஜெர்சிக்கு வந்தவள் நான். சட்டக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டை முடித்து, நியூயார்க்கில் ஒரு பெரிய சட்ட நிறுவனத்தில் சம்மர் அசோசியேட்டாக, அதாவது கோடையில் வேலை பழகும் மாணவியாக, சேர்ந்திருக்கிறேன். முதல் மெமோவுக்கு, அதாவது ஒரு சட்டக் கேள்வியை ஆராய்ந்து எழுதும் குறிப்புக்கு, 14 மணி நேரம் பிடித்தது. வெட்கப்பட்டு 6 மணி நேரம் என்று பதிவு செய்தேன். மெமோவும் பக்கத்துக்குப் பக்கம் சிவப்புத் திருத்தங்களோடு திரும்பி வந்தது. கோடை முடிவில் வேலை கிடைக்குமா என்ற பயத்தில் யாரிடமும் எதுவும் கேட்கத் தோன்றவில்லை. என்ன செய்யட்டும்?

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது மணிக்கணக்கு ஒன்றுதான், ஆகவே அதையே முதலில் எழுதுகிறேன். அமெரிக்கச் சட்ட நிறுவனங்களில் ஒரு மணி நேரத்தைப் பத்தாகப் பிரித்து, ஆறு நிமிடத்தை ஓர் அலகாகக் கொண்டு நேரத்தைப் பதிகிறார்கள். கட்சிக்காரருக்குப் போகும் பில் அந்தப் பதிவிலிருந்துதான் தயாராகிறது. ஒரு மாணவி கற்றுக்கொள்வதில் செலவான நேரத்தைக் கட்சிக்காரரிடம் வசூலிப்பதா, தள்ளுபடி செய்வதா என்று முடிவு செய்ய வேண்டியவர் பார்ட்னர், அதாவது நிறுவனத்தின் பங்குதாரரான மூத்த வழக்கறிஞர். நீங்கள் 8 மணி நேரத்தை மறைத்ததால், அந்த முடிவை அவருக்குத் தெரியாமலே நீங்கள் எடுத்துவிட்டீர்கள். போதாததற்கு, இத்தகைய மெமோவை 6 மணி நேரத்தில் முடிப்பவர் என்று நம்பி, அடுத்த வேலையையும் அவர் அதே கணக்கில்தான் கொடுப்பார். நாளைக்கே அந்த வேலையைக் கொடுத்தவரிடம் சென்று, “முதல் மெமோவுக்கு நான் பதிந்த நேரம் குறைவு, உண்மையில் 14 மணி நேரம் ஆனது, பதிவைத் திருத்த விரும்புகிறேன்” என்று சொல்லிவிடுங்கள். நீண்ட விளக்கம் தேவையில்லை.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நியூயார்க்கின் பெரிய நிறுவனங்கள் பலவற்றில் அசோசியேட் எனப்படும் இளம் வழக்கறிஞரின் முதலாண்டுச் சம்பளம் 2,25,000 டாலர். கோடை மாணவர்களுக்கும் வாரச் சம்பளம் அந்தக் கணக்கிலேயே கொடுக்கப்படுகிறது. இந்தப் பத்து வாரங்களில் உங்கள் வேலையால் அந்தப் பணம் திரும்பி வரும் என்று எந்தப் பார்ட்னரும் எதிர்பார்ப்பதில்லை. சட்டம் முழுவதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்றும் எதிர்பார்ப்பதில்லை. நீங்கள் எழுதித் தருவதை நம்பிக் கையெழுத்திடலாமா என்பதைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள்.

2023 ஜூன் மாதம் நியூயார்க் தென் மாவட்ட ஃபெடரல் நீதிமன்றம், ஏவியான்கா விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கொன்றில், சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்ததை நீங்கள் வகுப்பிலேயே கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர்களில் ஒருவர் 30 ஆண்டு அனுபவமுள்ளவர். அந்தத் தீர்ப்புகள் உண்மையில் உள்ளனவா என்று எதிர்த்தரப்பு கேட்டவுடனே நடந்ததை ஒப்புக்கொண்டிருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும் என்று நீதிபதி கெவின் காஸ்டல் தமது உத்தரவில் எழுதினார். அதுதான் உங்களுக்கும் பொருந்தும் பகுதி. நீங்கள் இன்னும் தொடக்கத்திலேயே இருக்கிறீர்கள்.

சிவப்புத் திருத்தங்களைப் பற்றிக் கலங்க வேண்டாம். முதல் மெமோ எல்லோருக்கும் அப்படித்தான் வரும். உட்கார்ந்து திருத்துவதற்கு ஒருவர் நேரம் ஒதுக்கியிருக்கிறார் என்பதே நல்ல அறிகுறி. திருத்தங்களைத் தட்டச்சு செய்து முடிப்பதோடு நின்றுவிடாமல், ஒவ்வொன்றும் ஏன் செய்யப்பட்டது என்று பாருங்கள். பெரும்பாலும், கேள்விக்கான விடையை மூன்றாம் பக்கத்தில் வைத்திருப்பீர்கள். அவர் அதை முதல் பத்திக்குக் கொண்டுவந்திருப்பார். மேற்கோள் காட்டும் ஒவ்வொரு தீர்ப்பையும் வெஸ்ட்லா என்ற சட்டத் தரவுத்தளத்தில் திறந்து, மேலே சிவப்புக் கொடி இருக்கிறதா என்று பார்த்த பிறகே எழுதுங்கள். கொடி இருந்தால், அந்தத் தீர்ப்பு எந்தச் சட்டக் கருத்தில் செல்லாததாகிவிட்டது என்று படித்துப் பார்க்க வேண்டும். உங்களுக்கு வேண்டிய கருத்து அதில் இன்னும் செல்லுபடியாகவும் கூடும்.

கேள்வி கேட்கத் தயங்குவது நம் வீட்டு வளர்ப்பிலிருந்து வருவது. பெரியவர் ஒன்று சொன்னால் தலையாட்டிவிட்டு, பிறகு நாமே தட்டுத்தடுமாறிப் புரிந்துகொள்வதை மரியாதை என்று பழகியிருக்கிறோம். அந்த அலுவலகத்தில் அதே மௌனத்தை, எல்லாம் புரிந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்வார்கள். வேலை கொடுக்கப்படும்போதே குறிப்பேட்டோடு நின்று, இது யார் படிக்கப்போவது, எத்தனை பக்கம் வேண்டும், எந்த மாநிலச் சட்டம், எத்தனை மணி நேரம் வரை செலவிடலாம் என்று கேளுங்கள். அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டிருந்தால், ஒதுக்கிய நேரம் தீர்ந்தபோது, “இதுவரை கண்டது இது, இன்னும் தேடட்டுமா?” என்று நீங்கள் அவரிடமே போய் நின்றிருக்கலாம்.

கோடை மாணவர்களுக்காக நிறுவனம் நடத்தும் விருந்துகளுக்கு அளவாகப் போனால் போதும். மது அருந்தாததை யாரும் குறையாக எண்ண மாட்டார்கள்.

வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். வழக்கமான ஆண்டுகளில் பெரிய நிறுவனங்கள் தம் கோடை மாணவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வேலை தருகின்றன; 2009-இல் பொருளாதாரச் சரிவின்போது பலருக்குக் கிடைக்காமல் போனதற்கு அவர்களுடைய மெமோக்கள் காரணமல்ல. உங்களுக்குத் தராவிட்டாலும் மூன்றாம் ஆண்டில் மற்ற நிறுவனங்களுக்கும், நீதிபதிகளுக்குச் சட்ட ஆய்வில் உதவும் கிளார்க் பணிக்கும், அரசு வழக்கறிஞர் அலுவலகங்களுக்கும் விண்ணப்பிக்கலாம். அந்த விண்ணப்பங்களுக்கு உங்களுக்காகப் பரிந்து பேசக்கூடிய ஓர் அசோசியேட்டாவது இந்தக் கோடையில் உங்களுக்கு அமைய வேண்டும். மெமோவைத் திருத்தித் தந்தவரிடமே அடுத்த வேலையும் கேட்டுப் பெறுங்கள்.