யூஎஸ்பி கருவியுடன் கணினிச் செயலி எவ்வாறு பேசுகிறது?

வேலூர் மண்டித் தெருக் கடையொன்றில், எடை இயந்திரத்தை யூஎஸ்பி கம்பியால் கணினியுடன் இணைத்து, எடை தானாகவே பில்லில் ஏற வேண்டுமென்றால் அதற்கான செயலியை, அதாவது மென்பொருளை, எப்படி எழுதுவது என்பதே கேள்வி.

செயலி கருவியை நேரடியாகத் தொடுவதில்லை. இயங்குதளத்தின் வழியாக, அதாவது டிரைவர் எனும் இடையாள் மூலமாகத்தான் பைட்டுகளை வாங்கவும் அனுப்பவும் செய்கிறது. செருகியதும் கணினி விசாரிக்க, கருவி தன் தயாரிப்பாளர் எண்ணையும் பொருள் எண்ணையும் தெரிவிக்கும். இந்த இரண்டு 16 பிட் எண்களைக் கொண்டே செயலி தனக்குரிய கருவியைக் கண்டுகொள்கிறது.

பல கருவிகள் ஒரே தடத்தைப் பகிர்வதால், தரவுகள் மோதாமலிருக்க, கணினி கேட்டால்தான் கருவி எடையைச் சொல்லும். காட்பாடி சந்திப்பில் எந்த வண்டியும் சிக்னல் கிடைக்காமல் நடைமேடைக்குள் நுழையாதல்லவா, அதுபோலத்தான்.

விசைப்பலகை வகையாகத் தன்னை அறிவிக்கும் கருவிகளுக்குத் தனி டிரைவர் தேவையில்லை. மற்றவற்றுக்கு, யூஎஸ்பி கருவிகளுடன் பேச ஆயத்தமாக எழுதப்பட்ட நிரல்களின் தொகுப்பான லிப்யூஎஸ்பி நூலகம் உதவும். லினக்ஸ் இயங்குதளத்தில் அனுமதி மறுக்கப்பட்டால், கருவியை யார் பயன்படுத்தலாம் என்று சொல்லும் யூடெவ் விதியொன்றைச் சேர்க்க வேண்டும் (பலருக்கு ஒரு நாள் வீணாவது இங்கேதான்).

கம்பி பொருந்திவிட்டாலே செயலிக்கு எல்லாம் புரிந்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். யூஎஸ்பி பைட்டுகளைக் கொண்டுசேர்க்குமே தவிர, அவற்றில் எது கிலோ, எது கிராம் என்பதைக் கருவியின் கையேட்டைப் பார்த்து நாம்தான் செயலிக்குச் சொல்லித்தர வேண்டும்.