காலையில் மட்டும் விழும் கம்ப்யூட்டர்: மதர்போர்டு மேல் பழி போடும் முன்

ஈரோட்டில் டிடிபி வேலை செய்யும் வாசகர் ஒருவரின் கேள்வி இது. எட்டு வருடத்துக்கு முன் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர். ஐ5-7400 பிராசசர், 4 ஜிபி ராம் இரண்டு, தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது, விண்டோஸ் 10. காலையில் ஆன் செய்தால் விண்டோஸ் லோகோவுக்குக் கீழே புள்ளிகள் சுற்றும்போதே பட்டென்று அணைந்து, தானாக மறுபடி ஆன் ஆகிறது. மூன்று நாலு தடவை இப்படிப் படுத்திவிட்டு அப்புறம் நாள் முழுக்கச் சமர்த்தாக ஓடுகிறது. இரண்டு முறை ஃபார்மேட் அடித்துப் பார்த்தும் பலனில்லை. கடையில் மதர்போர்டு போய்விட்டது என்கிறார்கள், மாற்றிவிடலாமா என்று கேட்கிறார்.

இப்போதைக்கு மாற்றாதீர்கள். நீங்கள் எழுதியதில் எனக்குப் பெரிதாகப் படுவது "காலையில்" என்ற ஒரு சொல்தான். சூடு அதிகமாகி அணையும் மெஷின் ஓட ஓடத்தான் மோசமாகும், உங்களுடையதோ ஓட ஓடச் சரியாகிறது. குளிர்ந்து கிடக்கும்போது மட்டும் தகராறு செய்யும் பொருள் என்றால் என் முதல் சந்தேகம் எஸ்எம்பிஎஸ்ஸில், அதாவது மெஷினுக்கு கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை டப்பாவில், இருக்கும் கெப்பாசிட்டர்கள் மேல் (வோல்டேஜைச் சீராக வைத்திருக்கும் சின்ன உருளைகள்). அவற்றுக்குள் இருக்கும் திரவம் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வற்றி உள்தடை கூடிவிடும், அதுவும் குளிரில் இன்னும் கூடும். லோகோ வரும் நேரத்தில் பிராசசரின் சுமை சட்டென்று ஏறி இறங்கும், அந்த இழுப்பைத் தாங்காமல் வோல்டேஜ் ஒரு கணம் சரிந்தாலே போதும், மெஷின் விழுந்துவிடும். மூன்று தடவை விழுந்து எழுவதற்குள் கெப்பாசிட்டர் சூடாகிவிடுவதால் நாலாவது தடவை ஒன்றும் நடக்காதது போல ஓடும்.

ஆனால் இதே மாதிரி வேஷம் போடும் இன்னொன்றும் இருக்கிறது, விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். ஷட் டவுன் கொடுக்கும்போது விண்டோஸின் மையப்பகுதியான கெர்னலை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு மறுநாள் அதையே எடுத்து ஏற்றும் ஏற்பாடு அது. எழுதி வைத்ததில் கோளாறு என்றால் முதல் தடவை விழும், அடுத்த தடவை புதிதாக ஏறுவதால் எழுந்துவிடும். ஃபார்மேட் அடித்தாலும் இது தானாக ஆன் ஆகியேதான் வரும். உங்களுக்கு மூன்று நாலு தடவை விழுகிறது என்பதால் இதன் மேல் எனக்குச் சந்தேகம் கம்மி. இருந்தாலும் கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குப் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் பக்கத்தில் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள், காசா பணமா.

ஆனால் டிக்கை எடுப்பதற்கு முன் ஒரு சோதனை. இன்று சாயங்காலம் மெஷின் நன்றாகச் சூடாக ஓடும்போது ஷட் டவுன் செய்து உடனே ஆன் செய்யுங்கள், நாலைந்து தடவை. சூட்டிலும் விழுந்தால் பிரச்சினை குளிர் இல்லை, சாஃப்ட்வேர் பக்கமும் ராம் பக்கமும் போக வேண்டும். விழவே இல்லையென்றால் நாளைக் காலையில் ஆன் செய்தவுடன் டெலீட் பட்டனைத் தட்டி பயாஸுக்குள் (விண்டோஸ் ஏறுவதற்கு முன் வரும் செட்டிங்ஸ் திரை) போய் 20 நிமிடம் அப்படியே விட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வாருங்கள். அதன் பிறகு விண்டோஸை ஏற்றினால் முதல் தடவையே ஏறுகிறதா? இரண்டு மூன்று நாள் இதேபோல நடந்தால் குளிர்தான் காரணம் என்று கிட்டத்தட்ட முடிவே செய்துவிடலாம்.

இன்னொரு சாட்சி, நடந்ததையெல்லாம் விண்டோஸ் பதிந்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் கிடைக்கும். சிஸ்டம் லாகில் கெர்னல்-பவர் 41 என்ற பதிவைத் திறந்து டீடெயில்ஸில் பக்செக்கோட் எண்ணைப் பாருங்கள். 0 என்றால் விண்டோஸுக்கு நீலத்திரை போடக்கூட நேரம் கிடைக்காமல் கரண்ட் போயிருக்கிறது, அதாவது சந்தேகம் மறுபடி எஸ்எம்பிஎஸ் பக்கம் (நீங்களே பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்திருந்தாலும் 0 தான் வரும், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்). வேறு எண் வந்தால் ராமை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். கழற்றும்போதே கால்களைப் பென்சில் ரப்பரால் துடைத்துவிடுங்கள், ராத்திரி முழுக்க ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் புரோகிராமை ஓட விடுங்கள். அதில் ஒரே ஒரு எரர் வந்தாலும் அது எரர்தான்.

மல்டிமீட்டர் இருந்தால் சும்மா தொங்கும் நாலு பின் கனெக்டரில் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவே காலையில் ஆன் செய்யும்போதே அளந்து பாருங்கள். 11.4 முதல் 12.6 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். வெளியே போனால் ஆள் அகப்பட்டான். உள்ளேயே இருந்தால் விடுதலை என்று அர்த்தமில்லை, ஒரு கணச் சரிவையோ சிற்றலையையோ சாதாரண மீட்டர் காட்டாது. அதனால்தான் நான் மீட்டரைவிட நண்பரிடம் கடன் வாங்கிய எஸ்எம்பிஎஸ்ஸைத்தான் நம்புவேன். ஒருமுறை இதே அறிகுறியைப் பார்த்து என் சொந்த மெஷினுக்குப் புது மதர்போர்டு வாங்கிப் போட்டு, மறுநாள் காலை அதுவும் விழுந்ததைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். கெப்பாசிட்டரைப் பார்க்கிறேன் என்று எஸ்எம்பிஎஸ் டப்பாவை மட்டும் திறந்துவிடாதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

மாற்ற வேண்டி வந்தால் 650 வாட் எல்லாம் உங்களுக்குத் தேவையில்லை. அந்த பிராசசரே 65 வாட்தான், கிராஃபிக்ஸ் கார்டும் இல்லாததால் மொத்த மெஷினும் 150 வாட்டைத் தாண்டாது. 80 பிளஸ் ப்ரோன்ஸ் (80 Plus Bronze) என்ற மின்சிக்கன முத்திரை உள்ள நல்ல 450 வாட் தாராளம்.

கடன் வாங்கிய எஸ்எம்பிஎஸ்ஸிலும் காலையில் அதே கதைதான் என்றால் கடைக்காரர் சொன்னது சரியாக இருக்கலாம். மதர்போர்டில் பிராசசரைச் சுற்றி உப்பிய கெப்பாசிட்டர் ஏதாவது தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், எதுவும் தெரியாவிட்டாலும் போர்டு நிரபராதி ஆகிவிடாது. இந்த ஏழாம் தலைமுறை பிராசசருக்குப் புது போர்டு கிடைப்பது கஷ்டம், பழையதைத்தான் தேட வேண்டும். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட்டின் இலவச ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்தது, விண்டோஸ் 11 இந்த பிராசசரை அதிகாரபூர்வமாக ஏற்பதும் இல்லை. அதனால் அந்தக் கட்டம் வந்தால் நான் பழைய போர்டில் காசைப் போடமாட்டேன். புது எஸ்எம்பிஎஸ் வாங்கியிருந்தால் அதை அடுத்த மெஷினுக்கு எடுத்து வைத்துக்கொள்வேன்.